மூன்று சூட்டுக் கட்டிகள்

சென்ற ஜூலை இருபத்து நான்காம் தேதி காலை பதினொன்று பத்துக்கு ஒரு கேள்விக்கு நான் "இல்ல" என்று பதில் சொன்னேன். நேரம் என் நினைவில் இருந்து வரவில்லை. நோட்டில் இருக்கிறது.

நான் பகலில் கடலுக்கு அந்தக் கரையில், மாக் மண்டின் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறேன். இயந்திரம் வெட்டித் தரும் துண்டுகளை அளந்து, சரியானதையும் தவறானதையும் பிரித்து வைப்பது என் வேலை. வாரத்தில் மூன்று சாயங்காலம் ஃபெர்ரியில் தீவுக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் தரக் கட்டுப்பாட்டு வகுப்புக்குப் போவேன். அங்கே பாடம் நடத்தும் ஆசியா பீவி முதல் நாளே எல்லாரையும் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். பக்கத்துக்கு நான்கு கட்டம்: தேதி, நடந்தது, செய்தது, தெரியாதது. மற்றவர்கள் வேலையைப் பற்றி மட்டும் எழுதினார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எனக்குப் பிரிக்கத் தெரியாததால் வீட்டையும் சேர்த்து எழுதினேன். நான்காவது கட்டம்தான் எப்போதும் முதலில் நிரம்பும்.

அன்று அம்மாவை அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். அம்மா பெயர் ருக்குமணி, வயது ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூட கேன்டீன் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம் நின்றே வேலை பார்த்ததில் இடது முட்டி தேய்ந்துவிட்டது. எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடியில். லிஃப்ட் அங்கே நிற்காது. அம்மா படியில் இறங்கும்போது திரும்பி நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவதுபோல் பின்பக்கமாக இறங்குவார். மருத்துவமனைக்குத் தவிர ஒரு வருஷமாக அவர் கீழே இறங்கவில்லை. பாசாருக்கு, மீனும் காய்கறியும் வாங்க, நான்தான் போவேன். நான் வாங்கி வரும் மீனைப் பார்த்து அம்மா பெருமூச்சு விடுவார்.

செயற்கை முட்டி வைக்கப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். செப்டம்பர் பதினெட்டு என்று நாள் கிடைத்திருந்தது.

தொற்றுத் தடுப்புப் பிரிவில் இருந்து ஒரு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்தார். பெயர் சித்தி ஹாஜரா, முப்பது வயதிருக்கும். அம்மாவின் இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டு மூடினார். அப்புறம் தாளைப் பார்த்துக் கேட்டார்.

"வீட்டுல வேற யாருக்கும் இன்ஃபெக்ஷன் ஏதும் இருக்கா, தம்பி?"

"இல்ல, மிஸ்ஸி."

"நாங்க ரெண்டே பேருதான்," என்றார் அம்மா. "இவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல."

நாங்கள் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் ஆனது.

ஐந்து நாள் கழித்து சித்தி ஹாஜரா போன் செய்தார். அம்மாவின் மூக்கில் எம்ஆர்எஸ்ஏ என்ற கிருமி இருக்கிறது என்றார். நான் எழுதிக்கொள்ளப் பேனா தேடினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஸ்டாஃப்னு ஒரு கிருமி, தம்பி. நெறைய பேரு மூக்குல, தோல்ல சும்மா குடியிருக்கும். ஒண்ணும் பண்ணாது. இது அதுலயே மருந்துக்கு அடங்காத வகை. மூக்குல இருக்கறவரைக்கும் பயமில்ல. முட்டியைத் தெறந்து உலோகம் வைக்கும்போது உள்ள போச்சுன்னா, வழக்கமா குடுக்கற மருந்து கேக்காது. சில சமயம் வச்ச முட்டியையே திருப்பி எடுக்க வேண்டி வரும்."

அதற்கு வழி இருந்தது. ஐந்து நாள் மூக்குக்குக் களிம்பு, தினமும் ரோஸ் நிறத் திரவம் பூசிக் குளியல், தினமும் புதுத் துண்டு, புதுப் படுக்கை விரிப்பு. அதன் பிறகு மறுபடி பஞ்சுக் குச்சி.

எனக்கு இது பழகிய வேலை மாதிரி இருந்தது. ஒரு பட்டியல் போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினேன். ஒரு வேளை களிம்புகூடத் தவறவில்லை. எல்லாக் கட்டத்திலும் குறி போட்டேன். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி பட்டியலைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிட்டு, நான்காவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அப்படி விட்டது அந்த நோட்டிலேயே அதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இரண்டாவது முடிவு வந்தது. கிருமி அப்படியே இருந்தது.

"இன்னொரு தடவ பாக்கலாம்," என்றார் சித்தி ஹாஜரா. குரல் முன்னைப்போல இல்லை. "அதுலயும் இருந்துச்சுன்னா டாக்டர் பதினெட்டாம் தேதிய அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாரு. அம்மாவுக்கு அடுத்த நாள் மார்ச்சுக்கு மேலதான் கெடைக்கும். நான் சொல்றது புரியுதா, தம்பி?"

புரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். "பரவால்ல லா," என்றார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பாசார் பையை எடுத்து, மடித்து, அலமாரிக்குள் வைத்தார். அது செப்டம்பருக்காகத் துவைத்து மாட்டி வைத்த பை.

அன்று முழுவதும் எங்கே தவறினேன் என்று தேடினேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுபோல அம்மாவைத் தொடுகிற பொருள்களை எல்லாம் வரிசையாக எழுதினேன். சோப்பு, சீப்பு, தலையணை, கண்ணாடி, ரிமோட். முப்பத்தொரு பொருள் வந்தது. ஒவ்வொன்றையும் துடைத்தேன். அந்த முப்பத்தொன்றில் என் கை இல்லை.

மறுநாள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யூசுப் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். லேத் மெஷின் ஓட்டுகிறவன், வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து எனக்குப் பழக்கம். வலது முழங்கையை மேசையில் படாமல் தூக்கியே வைத்திருந்தான். அதன் கீழே சிவந்து வீங்கி, நடுவில் மஞ்சள் முனையோடு ஒரு கட்டி.

"மச்சான், அன்னிக்கு உனக்குக் குடுத்தேனே கேப்ஸ்யூல், அதுல மிச்சம் இருக்கா? நீதான் எல்லாத்தையும் டின்னுல போட்டு லேபல் ஒட்டி வைக்கற ஆளாச்சே."

"ஒண்ணு இருக்கு. இது என்ன?"

"சூட்டுக் கட்டி லா. டுரியான் பழத்துச் சூடு."

"டுரியான் சாப்பிட்டு ஒரு மாசம் ஆச்சேடா."

"அப்ப போன வருஷத்து டுரியானா இருக்கும்," என்று சொல்லிச் சிரித்தான். "பக்கத்து மெஷின் செல்வனுக்கும் தொடையில இருக்கு. அவன் டுரியான் வாசனையே ஆகாதும்பான். அவனுக்கு எதுல சூடோ?"

நான் சிரிக்கவில்லை. பையில் இருந்து நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினேன். என் கையெழுத்தில்தான் இருந்தது.

"மே 30. இடது அக்குளில் கட்டி. டுரியான் சூடு. யூசுப் பல்வலிக்கு வாங்கிய கேப்ஸ்யூலில் மிச்சம் நான்கு தந்தான். இரண்டு விழுங்கினேன். ஒன்றைப் பிரித்துப் பொடியைக் கட்டி மேல் தூவினேன். ஒன்று டின்னில். தெரியாதது: மூன்று டுரியான் அதிகமா?"

"ஜூன் 19. தொடையில் கட்டி. சூடு இறங்கவில்லை. டின்னில் அம்மாவின் பழைய மாத்திரை மூன்று. வலி நின்றதும் நிறுத்திவிட்டேன்."

"ஜூலை 11. பிடரியில் கட்டி. இளநீர். யூசுப்பிடம் மறுபடி கேப்ஸ்யூல்."

ஒவ்வொரு தேதிக்கும் கீழே, ஒரு நாள்கூட விடாமல், இன்னொரு வரியும் இருந்தது: "அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்தேன்." வீடு திரும்பிக் குளித்ததும் தைலத்தைக் கிண்ணத்தில் சூடாக்கி, விரலால் தொட்டுத் தொட்டுக் கால் மணி நேரம் தேய்ப்பேன். மீந்த தைலத்தை வீணாக்காமல் புட்டியிலேயே திருப்பி ஊற்றிவிடுவேன். களிம்பு போட்ட ஐந்து நாளும் தேய்த்திருக்கிறேன். மூட்டு வலியில் அம்மாவின் விரல் சரியாக மடங்காது என்பதால் அந்தக் களிம்பைக் கூட என் சுண்டு விரலால்தான் மூக்கில் தடவினேன்.

எங்கள் வீட்டில் கட்டி என்பது நோயே இல்லை. அது உடம்புச் சூடு. டுரியான் சீசனில் எல்லாருக்கும் வரும், இளநீர் குடித்தால் போகும். இன்ஃபெக்ஷன் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டால், அக்குளில் மூன்று வாரம் சீழ் வைத்திருந்தவனும் மனசார இல்லை என்றுதான் சொல்வான்.

"என்னடா, முகம் இப்படிப் போச்சு?" என்றான் யூசுப்.

"கேப்ஸ்யூல் இல்ல," என்றேன். "கிளினிக்குக்குப் போ. இன்னிக்கே போ."

அன்று ஃபெர்ரியில் நின்றபடி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் நான்கும் மறந்துவிட்டது. நோட்டை அப்படியே அவர் மடியில் வைத்தேன். அம்மா கண்ணாடி போட்டு மூன்று பக்கத்தையும் மெதுவாகப் படித்தார்.

"என் கையிலேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கும்மா."

அம்மா நோட்டை மூடினார்.

"நீ மீன்தான் தப்பா வாங்கறேன்னு நெனச்சேன்," என்றார்.

அம்மாவே தொடர்ந்தார். "எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுது? இளநீர் வாங்கிக் குடின்னு சொன்னதே நான்தானே. நாளைக்குப் போய் அந்த மிஸ்ஸிகிட்ட சொல்லிடு."

"ஆபரேஷன் லிஸ்ட்டுல பேரை வெட்டிட்டாங்கன்னா?"

"வெட்டட்டும். சொல்லாம போய்ப் படுத்தா என் முட்டியிலதானே சீழ் பிடிக்கும்?"

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். சித்தி ஹாஜராவின் மேசைக்கு முன்னால் நின்று, ஜூலை இருபத்து நான்காம் தேதி நான் சொன்ன பதில் தவறு என்று ஆரம்பித்தேன். அவர் உட்காரச் சொன்னார். நோட்டை வாங்கிப் படித்தார். "மூன்று டுரியான் அதிகமா" என்ற இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினார் என்று நினைக்கிறேன்.

நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன்.

"இதை யாராச்சும் எழுதி வைப்பாங்களா!" என்றார். "எங்ககிட்ட வர்றவங்க என்ன மாத்திர சாப்பிட்டீங்கன்னு கேட்டா, செவப்பு ஒண்ணு, மஞ்ச ஒண்ணும்பாங்க. நீங்க தேதி போட்டிருக்கீங்க. இந்த மூணு பக்கத்தையும் நான் காப்பி எடுத்துக்கலாமா?"

"மிஸ்ஸி, அந்தக் கேப்ஸ்யூலாலதான் இந்தக் கிருமி உண்டாச்சா?"

"அதை என்னால சொல்ல முடியாது. பட்டறையிலயே உங்களுக்கு ஒட்டியிருக்கலாம். ஆனா பல்லுக்குக் குடுத்த ஆன்டிபயாட்டிக்கையும் அம்மாவோடதையும் ரெண்டு, மூணுன்னு முழுங்கினா, அடங்கற கிருமிதான் சாகும். அடங்காதது தங்கிக்கும். அதுக்கு நீங்க எடம் காலி பண்ணிக் குடுத்திருக்கீங்க. பொடியைத் தூவினதால ஒரு பிரயோஜனமும் இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா நான் கேட்ட கேள்வியும் சரியில்ல, தம்பி. நானும் இந்த ஊருதான். எங்க வீட்டுலயும் அது சூடுதான். நான் இன்ஃபெக்ஷன்னு கேட்டிருக்கக் கூடாது."

என் மூக்கிலும் அக்குளிலும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார். பட்டறையில் வேறு யாருக்குக் கட்டி இருக்கிறது, கை துடைக்க என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு துண்டு தொங்கும், பதினோரு பேரும் அதில்தான் துடைப்போம் என்றேன். அது எப்போது துவைக்கப்பட்டது என்று கேட்டதும் நோட்டைப் புரட்டினேன். அதில் இல்லை.

மூன்று நாளில் என் முடிவு வந்தது. அம்மாவுக்கு இருந்த அதே வகை.

இந்தத் தடவை இரண்டு பேருக்கும் ஒரே ஐந்து நாள், ஆகஸ்ட் இருபத்திரண்டு முதல் இருபத்தாறு வரை. தைலம் நிறுத்தம். புட்டி குப்பைக்குப் போனது. அம்மா சரியாக மடங்காத விரலால் பஞ்சுக் குச்சியைப் பிடித்துத் தனக்குத் தானே களிம்பு தடவிக்கொண்டார். விரிப்பும் துண்டும் தினமும் வெந்நீரில் ஊறித் துவைக்கப்பட்டு நடைபாதைக் கம்பி முழுக்கக் காய்ந்தன.

"என்ன ருக்குமணி, ஹோட்டல் நடத்தறியா?" என்று பக்கத்து வீட்டு யோகம்மா ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"ஆமா, ரெண்டே கெஸ்ட். ரெண்டும் காசு தராது," என்றார் அம்மா உள்ளிருந்து.

தைலம் தேய்க்கும் நேரம் வந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். வலியில் அவர் முட்டியைத் தானே பிடித்து விடுவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பட்டியலில் குறி போட முடியாத வேலை அது ஒன்றுதான்.

பட்டறையில் மேற்பார்வையாளரிடம் நான் போய்ச் சொன்னபோது அவர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டைக் கழற்றிக் காகிதச் சுருள் மாட்டச் சொன்னார். யூசுப் கையில் கட்டோடு வந்து எல்லாரிடமும் புலம்பினான்.

"கீறிச் சீழ் எடுத்தாங்கடா, உயிர் போச்சு. அவ்வளவும் பண்ணிட்டு ஒரு மாத்திர குடுக்கல! மூடி வை, தினமும் கட்டு மாத்து, துண்டை யாருக்கும் குடுக்காதன்னு அனுப்பிட்டாங்க. நீ சொல்லித்தான் போனேன், உன்னை..."

பத்து நாளில் ஆறிவிட்டது. அதைப் பற்றி அவன் பேசவில்லை. செல்வனை அவனே கிளினிக்குக்கு அழைத்துப் போனான்.

ஐந்தாவது நாள் மீந்த களிம்புக் குழாய்களைத் தேடினேன். என்னுடையது இருந்தது. அம்மாவுடையது இல்லை. கடைசியில் ரசப்பொடி டப்பாவுக்குள் கிடைத்தது.

"பாதி இருக்குடா. நல்ல மருந்து. அடுத்த தடவைக்கு ஆகும்."

"இதுக்கும் அந்தக் கிருமி பழகிடுச்சுன்னா அப்புறம் மூக்குக்குப் போட மருந்து கெடைக்கறதே கஷ்டம்மா."

அம்மா குழாயைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, நான் கேட்காமலே, அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னையும் காட்டினார். நான் அழகாக லேபல் ஒட்டி, தேதி போட்டு, பெயர் எழுதிச் சேர்த்து வைத்த மிச்ச மருந்துகள். அதைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். மறுநாள் மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு, டின்னை மட்டும் திருப்பித் தந்தார்.

செப்டம்பர் மூன்றாம் தேதி இருவருக்கும் பஞ்சுக் குச்சி. வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார், இடுப்பு அறுவைக்கு வந்தவர். சித்தி ஹாஜரா தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, உங்களுக்கோ வீட்டுல யாருக்குமோ இந்த வருஷம் கொப்புளம், சூட்டுக் கட்டி ஏதாச்சும் வந்துச்சா?"

"எனக்கில்லம்மா. மருமகனுக்கு வந்துச்சு, முதுகுல ரெண்டு. டுரியானைக் கண்டா விடமாட்டான்."

சித்தி ஹாஜரா எழுதிக்கொண்டே ஒரு கணம் எங்கள் பக்கம் பார்த்தார். அம்மா என் கையைத் தட்டினார்.

ஏழாம் தேதி ஃபெர்ரிக்காகக் காத்திருக்கும்போது போன் வந்தது. மோட்டார் சைக்கிள்களின் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை.

"இல்ல, தம்பி! ரெண்டு பேருக்கும் இல்ல! பதினெட்டாம் தேதி அம்மாவுக்குத்தான். கேக்குதா?"

"கேக்குது, மிஸ்ஸி." நன்றி என்று சொன்னேனா என்பது நோட்டில் இல்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். அதனால்தான் இப்போது இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"திரும்ப வராதுன்னு சொல்ல முடியாது," என்றார் அவர். "கட்டி வந்தா சூடுன்னு விடாதீங்க. என்கிட்ட வாங்க."

அறுவை நடந்தது. காயம் சுத்தமாக ஆறியது. நவம்பர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா அலமாரியில் இருந்து பாசார் பையை எடுத்தார். படி முனையில் வழக்கம்போல முதுகைத் திருப்பினார், பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல மறுபடி திரும்பி, ஒரு கையால் மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பக்கமாக இறங்கினார். நான் இரண்டு படி கீழே நின்றேன். தேவைப்படவில்லை. பாசாரில் மீன்காரரோடு இருபது நிமிஷம் பேரம் பேசினார்.

அன்று சாயங்காலம் அறுவை செய்யாத வலது கால் வலிக்கிறது என்றார். புதுத் தைலப் புட்டி வாங்கி வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் தொடவில்லை. மிஸ்ஸி சரி என்று சொல்லியிருந்தும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வலது காலை என் முன்னால் நீட்டினார்.

நான் எழுந்து போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். விரல் இடுக்கு, நகம், மணிக்கட்டு. திரும்பி வந்து என் துண்டில் துடைத்தேன். தேவையான அளவு மட்டும் கிண்ணத்தில் ஊற்றிப் புட்டியை மூடினேன். அதற்கு மேல் கை நகரவில்லை.

"காஞ்சிடுச்சா கை?" என்றார் அம்மா.

"காஞ்சிடுச்சும்மா."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு இருக்க? தேய்."